அணைத்த விளக்கில் 212 வோல்ட்

கோடை விடுமுறைக்கு மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள், மூன்றாம் நாள் காலையில் பல்கூடத் தேய்க்காமல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"மாமா, மாடி ரூம் லைட்டை அணைச்ச பிறகும் அது கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு."

ஏழாம் வகுப்பு முடித்தவள். பேய், பிசாசு என்று மிரளுகிற ரகம் இல்லை. மிரண்டிருந்தால் இரவே கீழே ஓடி வந்திருப்பாள். இவளோ படுத்த இடத்திலிருந்தே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். "ஒரு நிமிஷத்துக்கு முப்பத்தஞ்சு தடவை மாமா. ரெண்டு வாட்டி எண்ணிட்டேன்."

இந்த 35 என்ற எண்ணைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த அறைக்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி மாட்டியிருந்தேன். கீழே உட்கார்ந்தபடி போனில் தட்டினால் மாடியில் விளக்கு எரியும்; மறுபடி தட்டினால் அணையும். நான் கீழே படுப்பவன். அணைந்த விளக்கு இரவில் என்ன செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாடிக்குப் போனோம். அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நாற்காலியில் ஏறி பல்பைக் கழற்றினேன். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. ஹோல்டரின் ஒரு முனையில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிந்தது. அடுத்து மல்டிமீட்டரை எடுத்து ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் அதன் குச்சிகளை வைத்தேன். 212 வோல்ட்!

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரமே 230 வோல்ட்தான். அணைத்துப் போட்ட விளக்கில் அதில் முக்கால்வாசிக்கும் மேலே நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டு கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். கீழே போய் மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

(இந்த இடத்தில் ஒன்று. நான் செய்ததை நீங்கள் செய்யக் கூடாது. நானும் செய்திருக்கக் கூடாது என்று அவர் வந்ததும் திட்டு வாங்கினேன். ஹோல்டர், போர்டு, டெஸ்டர் இவையெல்லாம் உங்கள் கை படக் கூடாத பொருள்கள். இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்து பார்க்க ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் போதும்.)

அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நாற்பது வருடமாக இதே வேலை. மீட்டரில் 212 என்று பார்த்ததைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு பழைய குண்டு பல்பை எடுத்தார். 60 வாட். ஹோல்டரில் மாட்டி, ஹோல்டரிலிருந்து இரண்டு வயர் தொங்கவிட்டிருந்தார். மெயின் இறங்கியிருக்கும்போதே அந்த இரண்டு வயரையும் விளக்கு முனைகளில் பொருத்திவிட்டு, என்னைக் கீழே அனுப்பி மெயினை ஏற்றச் சொன்னார்.

குண்டு பல்பு எரியவில்லை. மினுக்கக்கூட இல்லை.

"இப்ப உங்க மீட்டரை வைங்க சார்."

அவர் பக்கத்தில் நிற்க வைத்தேன். 0.1 வோல்ட். அதே முனைகள், அதே சுவிட்ச், அதே மீட்டர். பத்து நிமிடம் முன்பு 212. இப்போது ஒன்றும் இல்லை.

"பார்த்தீங்களா? டெஸ்டரும் பொய் சொல்லும், மீட்டரும் பொய் சொல்லும். இவன் சொல்ல மாட்டான்" என்று குண்டு பல்பைத் தட்டிக் காட்டினார்.

அவர் கைத்தொழிலில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் மீட்டர் பொய் சொன்னது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 212 என்பதும் உண்மை. 0.1 என்பதும் உண்மை. எப்படி என்று பார்க்க, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போவோம்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். நாள்பட்டால் குழாய்க்குள் உப்புப் படிந்து, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். அப்படி அடைத்துக்கொண்ட ஒரு குழாயைத் திறந்தால் என்ன வரும்? நூல் மாதிரித் தண்ணீர். ஒரு சொம்பு நிரம்பக் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது அந்தக் குழாயின் வாயைக் கட்டை விரலால் இறுக்கி அடையுங்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள். விரலைத் தள்ளுகிற அழுத்தம் தெரியும். அடைப்பில்லாத குழாயை அடைத்தால் எவ்வளவு தள்ளுமோ, அதே அளவு! ஏனென்றால் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அடைப்பு தன் வேலையைக் காட்ட முடியாது. தொட்டியின் முழு உயரமும் உங்கள் விரலை அழுத்தும். விரலை எடுத்த மறு கணம் அழுத்தம் காணாமல் போகும். மறுபடியும் நூல்தான்.

வோல்ட் என்பது அந்த அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் தண்ணீர்.

மல்டிமீட்டர் ஒரு கட்டை விரல். அளக்கப் போகிற இடத்தில் தானே மின்சாரத்தைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக, அதற்குள் மிகப் பெரிய தடையை வைத்துச் செய்திருக்கிறார்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் தடை ஒரு கோடி ஓம். அதன் வழியே மின்சாரம் ஓடவே ஓடாது என்று சொல்லலாம். அதனால் வழியில் பெரிய அடைப்பு இருந்தாலும் மீட்டருக்குத் தெரிவது ஏறக்குறைய தொட்டியின் உயரம்தான்.

குண்டு பல்போ திறந்துவிட்ட வாய்க்கால். எரியாமல் குளிர்ந்திருக்கும்போது 60 வாட் பல்பின் இழைக்கு ஏறக்குறைய 65 ஓம் தடைதான். (எரியும்போது சூட்டில் அது சுமார் 880 ஓம் ஆகிவிடும் என்பது தனிக் கதை.) ஒரு கோடி எங்கே, 65 எங்கே! அடைப்பு வழியே கசிந்து வரும் கொஞ்ச மின்சாரமும் பல்பு வழியே சத்தமில்லாமல் ஓடிவிடுகிறது. அழுத்தம் சேர இடமே இல்லை.

அதாவது அந்த ஹோல்டரில் 212 வோல்ட் அழுத்தம் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பல்பை எரிக்கும் அளவுக்குச் சரக்கு இல்லை. மின் வேலை செய்பவர்கள் இதைப் பேய் வோல்ட்டேஜ் என்று சொல்வதுண்டு. தொட்டுப் பார்த்தால் இல்லை, தூர நின்று பார்த்தால் இருக்கிறது!

டெஸ்டரும் கட்டை விரல் ரகம்தான். அதற்குள் நியான் வாயு அடைத்த சின்னஞ்சிறு குமிழ் இருக்கிறது. 1898இல் லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த வாயு அது. நூறு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்திலேயே நியான் ஒளிர ஆரம்பித்துவிடும். குமிழோடு பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு தடையும் சேர்த்திருப்பார்கள். பிடித்திருப்பவர் உடம்பு வழியே ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்கும் கீழே. அந்தச் சொட்டுக்கே அது சிவந்துவிடும் என்பதால், முழு மின்சாரமா, கசிவா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சரி, கசிவு எங்கிருந்து வந்தது?

அக்கா மகள்தான் கேட்டாள். "சுவிட்சை அணைச்சாச்சு. அப்புறமும் போன்ல தட்டினா அதுக்குக் கேக்குதே, எப்படி?"

இதைவிடச் சரியான கேள்வி இருக்க முடியாது. நாம் விரலால் தட்டுகிற சாதாரண சுவிட்சுக்கு மூளை இல்லை. உள்ளே ஒரு உலோக நாக்கு. அது தொட்டால் மின்சாரம், விலகினால் காற்று இடைவெளி. விலகியபின் அது செத்த பிணம். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படி இல்லை. விளக்கு அணைந்த பிறகும் அது விழித்திருந்து, போனிலிருந்து வைஃபை வழியே ஆணை வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாட்ச்மேன் மாதிரி. வாட்ச்மேனுக்குச் சாப்பாடு?

சாப்பாட்டுக்கு, அதாவது மின்சாரம் ஓட, இரண்டு வயர் வேண்டும். ஃபேஸ் வழியே வந்து நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். ஆனால் சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் வருவது ஃபேஸ் மட்டும்தான். ஃபேஸ் சுவிட்சுக்கு வரும், அங்கிருந்து விளக்குக்குப் போகும், விளக்கிலிருந்து நியூட்ரலாகத் திரும்பும். நியூட்ரல் சுவிட்ச் பக்கமே எட்டிப் பார்க்காது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சுவிட்ச் போர்டிலேயே ஒரு பிளக் பாயிண்ட்டும் வைத்திருப்போம் அல்லவா? பிளக்குக்கு நியூட்ரல் இல்லாமல் முடியாது. அதனால் அந்த போர்டில் நியூட்ரல் இருக்கும். அண்ணன் எங்கள் மாடி போர்டைத் திறந்து பார்த்தார். "இதுல பிளக் பாயிண்ட் இல்ல சார். அதான் வீடு கட்டுறப்ப நியூட்ரல் இழுக்கல."

அதனால்தான் நான் அட்டைப் பெட்டியைப் படித்துப் பார்த்து, நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சாக வாங்கியிருந்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். நியூட்ரல் இல்லாமல் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று யோசிக்கவில்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும், விளக்கின் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது! வாட்ச்மேனின் சாப்பாடு முழுக்க எல்.இ.டி. பல்பின் வயிற்றைக் கடந்துதான் போகிறது.

பல்பு கண்ணடித்த காரணம் இதுதான். எல்.இ.டி. பல்பின் கழுத்துப் பகுதிக்குள் சின்ன மின்சுற்று ஒன்று இருக்கும். வந்த மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கி, மின்தேக்கி என்கிற சின்னக் குடத்தில் பிடித்து வைத்து, அதிலிருந்து விளக்குக்குக் கொடுக்கும். கசிவு அந்தக் குடத்தில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஓரளவு நிரம்பியதும் சுற்று "ஓ, சுவிட்ச் போட்டுவிட்டார்கள்" என்று விழித்துக்கொள்கிறது. பளிச்! குடம் காலி. மறுபடி சொட்டு, மறுபடி பளிச். சில வகைப் பல்புகளில் விழிக்கிற சுற்று கிடையாது. அவை கண்ணடிக்காமல் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது அந்த 35ஐ எடுங்கள். நிமிடத்துக்கு 35 என்றால் ஒரு கண்ணடிப்புக்கு ஏறக்குறைய 1.7 விநாடி. குடத்தின் கொள்ளளவு 10 மைக்ரோ ஃபாரட் என்றும், 150 வோல்ட் ஏறியதும் சுற்று விழிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு முறை நிரம்ப 1.5 மில்லி கூலூம் மின்னூட்டம் வேண்டும். 1.5ஐ 1.7ஆல் வகுத்தால், கசிவு சுமார் 0.9 மில்லி ஆம்பியர். படுத்துக்கொண்டே ஒரு பெண் எண்ணிய எண்ணிலிருந்து, சுவிட்ச் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று தெரிந்துவிட்டது! நிரம்பிய குடத்தில் இருக்கும் ஆற்றல் 0.11 ஜூல். 9 வாட் பல்புக்கு அது ஒரு விநாடியில் எண்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் போதும். கண்ணடிப்பு என்று அவள் சொன்னது சரியான சொல்தான். ஆனால் நம் கண்ணிமை இதைவிட ரொம்ப மெதுவானது.

அதே 0.9 மில்லி ஆம்பியர் குண்டு பல்பின் 65 ஓம் இழை வழியே ஓடியபோது நின்ற அழுத்தம் 0.06 வோல்ட். மீட்டர் அதை 0.1 என்று முழுமையாக்கிக் காட்டியது. இழையில் விழுந்த வெப்பம், அது எரியத் தேவையானதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இழைக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இருந்திருக்காது. தாத்தா காலத்து வீடுகளிலும் கசிவு இருந்தது. சுவிட்சில் சிவப்பாக மின்னும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதே, அதுவும் இதே வழியில்தான் பிழைக்கிறது. குண்டு பல்பு அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. எல்.இ.டி. வந்த பிறகுதான் கசிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஒரு சின்ன எச்சரிக்கை: அணைத்தவுடன் எல்.இ.டி. பல்பு சில விநாடி மங்கலாக ஒளிர்ந்து அடங்கினால், அது கசிவு இல்லை. குடத்தில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடிக்கிறது. ஒரு நிமிடம் கழித்தும் ஒளிர்ந்தால்தான் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா மகள் விடவில்லை. "கீழ் ரூம்ல சாதா சுவிட்ச்தானே? அங்க ஜீரோ காட்டுமா?"

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாப்பா நம்ம லைனுக்கு வந்துரும் போல" என்றபடி கீழே வந்து, பல்பைக் கழற்றி, மீட்டர் வைத்தார். 48 வோல்ட்!

அங்கே ஸ்மார்ட் சுவிட்ச் இல்லை. நாக்கு விலகி, நடுவில் காற்று. உறிஞ்சுகிறவர் யாரும் இல்லை. பிறகு எப்படி 48? சுவரில் புதைத்த பைப்புக்குள் அந்த விளக்கின் வயரும், எப்போதும் மின்சாரம் இருக்கும் வேறு வயரும் பல மீட்டர் தூரம் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. இரண்டுக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு. ஒன்றை ஒன்று தொடவில்லை. தொடாமலே மின்சாரம் தாவுகிறது.

தவில் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கத் தோலில் அடித்தால் மறுபக்கத் தோலும் அதிரும். அடித்த கை மறுபக்கம் போகவில்லை, கோலும் போகவில்லை. அதிர்வு மட்டும் போயிற்று. ஒரு பக்கத்தை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் ஒரு முறை அசைந்து நின்றுவிடும். தட்டிக்கொண்டே இருந்தால்தான் அதிர்ந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு மின்சாரம் தட்டிக்கொண்டே இருக்கிற ரகம். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. ஒரு வயர் ஒரு பக்கத் தோல், அடுத்த வயர் மறுபக்கத் தோல். பேட்டரி மின்சாரத்தில் இந்த வித்தை நடக்காது.

நடுவில் மின்சாரம் கடத்தாத பொருளை வைத்து, இரு புறமும் கடத்தியை வைத்தால் அதுதான் மின்தேக்கி. 1746இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் முசன்புரூக் என்ற பேராசிரியர், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி ஜாடி ஒன்றில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடிகிறது என்று கண்டார். கண்டது எப்படி? ஷாக் அடித்துத்தான். இனி அதைத் தொடவே மாட்டேன் என்கிற தொனியில் பிரான்சிலிருந்த இன்னொரு அறிஞருக்குக் கடிதம் எழுதினார். முசன்புரூக் ஜாடியைத் தேடிப் பிடித்தார். நாம் தெரியாமலே வீட்டுச் சுவருக்குள் நீளமான ஜாடி ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறோம்.

ரொம்பச் சின்ன ஜாடிதான். பத்து மீட்டர் வயருக்குச் சுமார் 1 நானோ ஃபாரட் என்று கொண்டால், அதன் வழியே ஓடக்கூடியது 0.07 மில்லி ஆம்பியர். மாடி சுவிட்ச் கசியவிட்டதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கீழ் அறைப் பல்பு கண்ணடிக்காமல் சமர்த்தாக இருந்தது. அண்ணனின் குண்டு பல்பை மாட்டியதும் 48 வோல்ட் போன இடம் தெரியவில்லை.

இதுவரை சொன்ன இரண்டு கசிவும் வீட்டுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அண்ணன் அதைத் தேடித்தான் போர்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயரிங் செய்தவர் கவனக் குறைவாக, ஃபேஸ் வயரை நேராக விளக்குக்குக் கொடுத்து, சுவிட்சை நியூட்ரல் வயரில் வைத்துவிட்டால்? சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் முழு 230 வோல்ட் காத்திருக்கும். அடைப்பில்லாத குழாய். பல்பு மாற்றப் போகிறவர் கை பட்டால் அவர் உடம்பு வழியே தரைக்கு ஓடும். எல்.இ.டி. பல்பு லேசாக மினுங்குவது மட்டுமே சில வீடுகளில் இதற்கு வெளி அடையாளம்.

மீட்டரையும் டெஸ்டரையும் நம்பாத அண்ணன் புகழ்ந்த குண்டு பல்பு இருக்கிறதே, அதுவும் இந்த இடத்தில் ஏமாந்துவிடும்! ஹோல்டரின் இரண்டு முனைக்கு நடுவே மாட்டினால் எரியாது. நியூட்ரல்தான் சுவிட்சில் அறுந்து கிடக்கிறதே. ஹோல்டர் முனைக்கும் எர்த் கம்பிக்கும் நடுவே மாட்டினால் பளிச்சென்று எரியப் பார்க்கும். வீட்டில் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருந்தால் அந்தக் கணமே அது விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் வழி தவறிப் போனாலே விழ வேண்டும் என்று செய்யப்பட்டது அது. 60 வாட் பல்போ 260 மில்லி ஆம்பியர் கேட்கும். இந்தச் சோதனையை அவர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்தார். எங்கள் வீட்டில் ஃபேஸான சிவப்பு வயர்தான் சுவிட்சுக்கு வந்தது. எர்த்தோடு சேர்த்தபோதும் பல்பு எரியவில்லை. "தப்பிச்சீங்க" என்றார்.

சரிசெய்ய இரண்டு வழி சொன்னார். ஒன்று, பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு நியூட்ரல் வயரை போர்டு வரை இழுத்து, நியூட்ரல் பயன்படுத்தும் சுவிட்சாக மாற்றுவது. வாட்ச்மேனுக்குத் தனிச் சாப்பாடு. நிரந்தரமான தீர்வு இதுதான், ஆனால் அரை நாள் வேலை. பைப்பில் இடமும் இருக்க வேண்டும். இன்னொன்று, விளக்கோடு இணையாக ஒரு சின்ன மின்தேக்கியைப் பொருத்துவது. கசிவு பல்பின் குடத்துக்குள் போகாமல் பக்கத்து வாய்க்காலில் ஓடிவிடும்.

"மின்தடை வச்சா ஆகாதா?" என்று கேட்டாள் இவள். பாடப் புத்தகத்தில் படித்தது அதுதானே!

வைக்கலாம். கசிவு ஓடிவிடும். ஆனால் விளக்கு எரியும்போது முழு 230 வோல்ட்டும் அந்தத் தடை மேலேயும் விழும். 32,000 ஓம் தடையாக இருந்தால் ஒன்றரை வாட்டுக்கு மேல் வெப்பமாகி, ஹோல்டருக்குள் ஓயாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் நம் 50 சுழற்சி மின்சாரத்துக்கு அதே 32,000 ஓம் மாதிரித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் வாங்கிய ஆற்றலை அடுத்த தட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவதால் சூடாவதில்லை. அது பக்கத்தில் இருந்தால் நம் 0.9 மில்லி ஆம்பியர் கசிவால் பல்பின் முனைகளில் 30 வோல்ட் அளவுக்குத்தான் ஏற முடியும். 150க்கு எங்கே போவது? சுற்று விழிக்கவே விழிக்காது.

கடையில் கிடைக்கும் எந்த மின்தேக்கியையும் இதற்கு மாட்டிவிட முடியாது. நேராக வீட்டு மின்சாரத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கவேண்டியது. பழுதானாலும் தீப்பிடிக்காத ரகமாக இருக்க வேண்டும். எங்கள் சுவிட்ச் வந்த அட்டைப் பெட்டியின் அடியில் வெள்ளை நிறத்தில் தீப்பெட்டியைவிடச் சிறிதாக ஒன்று கிடந்தது. என்னவோ உபரி என்று நினைத்துத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். "இதுக்குத்தான் கொடுத்திருக்கான், நீங்க ஒரு மாசமா டிராயர்ல வச்சிருக்கீங்க" என்றார் அண்ணன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மின்தேக்கியை மாட்டி முடித்து, பல்பையும் போட்டார். போகும்போது அக்கா மகளிடம் சொல்லிவிட்டுப் போனது உங்களுக்கும் சேர்த்துத்தான்: "பாப்பா, இந்த சுவிட்சு அணைஞ்சிருந்தாலும் அணையலன்னே வச்சுக்கணும். இதுக்குள்ள ஏதாவது கெட்டா, கசிவு முழுசாவே வந்துரும். பல்பு மாத்தணும்னா மாமா மொதல்ல எம்.சி.பி. சுவிட்சை இறக்கட்டும். இறக்கிட்டாரான்னு நீ போய்ப் பார்த்துட்டு வா." அன்று முதல் வீட்டில் அந்தப் பதவி அவளுக்கு.

இரவு ஒன்பது மணிக்கு மாடி அறையில் விளக்கை அணைத்தோம். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். ஒரு கண்ணடிப்பும் இல்லை. கும்மிருட்டு.

"மாமா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப இருட்டா இருக்கு. ஜீரோ வாட்ஸ் பல்பு இருந்தா போடுங்களேன்."

பழைய பெட்டியில் நீல நிறத்தில் ஒன்று இருந்தது. போட்டுவிட்டு வந்தேன். பெயரில்தான் ஜீரோ. இழை வைத்த அந்தப் பழைய வகைப் பல்பு எடுத்துக்கொள்வது சுமார் 15 வாட். கண்ணடித்த எல்.இ.டி. முழு வெளிச்சத்தில் எரியும்போதே எடுப்பது 9.